கறையில்லாத வெள்ளை

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்துப் புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூனில் ஆதிமூலத்தின் பேச்சுக்கு அடங்காதவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவருடைய உதவியாளன் அப்துல் சமது. ஜட்கா வண்டிக்காரன். வண்டியைவிட வாய் வேகமாக ஓடும். மற்றது, அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சங்கிலியில் கிடந்த ஜெனரல் என்கிற வெள்ளை நாய்.

மற்றபடி ஊரில் அவருக்குப் பெயர் பெரிது. பிரெஞ்சுப் போலீசில் காலம் தள்ளிவிட்டு வந்தவர்; ஊரார் ஐயா என்பதற்குப் பதில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார்கள். களவு போன காளை முதல் காணாமல் போன மாப்பிள்ளை வரை கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். எப்பேர்ப்பட்ட முரட்டுத் திருடனும் அவர் தொண்டையைச் செருமினால் உட்கார்ந்துவிடுவான். அப்படிப்பட்டவர் அன்று காலையில் மாடியில் நின்றுகொண்டு, "ஜெனரல்! ஏ ஜெனரல்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. ஜெனரல் மட்டும் பார்க்கவில்லை. அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

போலீஸ் காலத்துத் தோல் சப்பாத்துக் காலோடு மரப்படியில் தடதடவென்று இறங்கி வந்து, பிரம்பால் நாலு வைத்தார். நாய் சுவரோடு ஒண்டிக்கொண்டது.

"ஊருல கீற கேடியெல்லாம் ஒங்க ஒத்த இருமலுக்கு உக்காந்துடறான்," என்றான் வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற சமது. "இவன் ஒருத்தன்தான் முசியே, ஒங்ககிட்ட சிக்காத கேடி."

"திமிருடா. சாதி நாயி இல்லியா, அதான்."

"அப்ப எங் குதிரையும் பெரிய சாதிதான் போல. ஏறுங்க. உலகநாதன் தோட்டத்துலேருந்து ஆளு வந்துச்சு. நாயி கேசாம்."

நாய் கேஸ் என்றதும் ஆதிமூலம் படிக்கு அடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். உலகநாதன் தோட்டம்தான் ஜெனரல் பிறந்த இடம்.

வண்டி ஊரைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார். "அங்க வந்து ஜெனரலப் பத்தி மூச்சு வுடாத."

"ஏன் முசியே?"

"சொந்த நாயக் கட்டி மேய்க்கத் தெரியாதவன் கள்ளனப் புடிக்க வந்துட்டான்னு சிரிப்பானுங்க."

"சரி, வாயத் தெச்சிக்கறேன்," என்றான் சமது. தைத்த வாய் தோட்டம் வருகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தது.

*

உலகநாதன் பெரிய கரும்புக்காரர். கரும்பில் வந்த பெயரைவிட நாயில் வந்த பெயர்தான் அவருக்குப் பெருமை. அவருடைய கொட்டகையில் பிறக்கிற நாய் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். உடம்பில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. துரைமார் வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறது. கறை உள்ள குட்டி தன் கொட்டகையில் தங்கினதே இல்லை என்று அவர் மார்தட்டிக்கொள்வார். எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் பாகூர் நெல் மண்டி ஷரீப். கோபத்தில் தாடி ஆடிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, தூணோரமாக நின்றாள் காசம்மாள். நாய்க் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள். புருஷன் இல்லை. தோட்டத்து ஓரத்துக் குடிசை ஒன்றுதான் அவளுக்கு இருந்தது.

"எங்கண்ணால பாத்தேன் முசியே," என்று ஆரம்பித்தார் ஷரீப். "இவுரு நின்னு கூப்புடறாரு, அம்புட்டு நாயும் ஓடியாருது. அதுல ஒரு குட்டியக் கைகாட்டினேன். சுல்தான்னு பேரும் வச்சாச்சு. வூட்டுக்குள்ள நாங்க நாய் வச்சிக்கறதில்ல, மண்டிக் காவலுக்குத்தான். ஆனா வந்து சேந்தது வேற நாயி! கூப்புட்டா திரும்பாது. சின்னது, வளந்தா சரியாவும்னு மாசக்கணக்கா பொறுத்தேன். போன வாரம் மண்டியில பூந்து மூட்டையத் தூக்கிக்கினு போறானுங்க, இது பக்கத்துலயே படுத்துத் தூங்குது. பாகூரே சிரிக்குது."

"எந் தோட்டத்து நாயி அப்பிடி இருக்காது," என்றார் உலகநாதன். "வழியில யாரோ மாத்திட்டாங்க."

"அதுவும் நான் யாரு பேச்சக் கேட்டு வாங்கினேன்?" ஷரீப் ஆதிமூலத்தைப் பார்த்தார். "சந்தையில நீங்கதானே சொன்னீங்க? 'எங்க ஜெனரலு நான் கண்ணசைச்சா நிக்கும், கண்ணசைச்சா ஓடும்'னு?"

ஆதிமூலம் தலையாட்டினார். சமது கூரையைப் பார்த்தான். சொன்னது உண்மைதான், சொன்ன விஷயம்தான் உண்மையில்லை. சந்தையில் நாலு பேர் நடுவில் ஜெனரலைப் பற்றிக் கேட்டபோது, மானம் போகக்கூடாதே என்று அவிழ்த்துவிட்ட பொய் அது. அதை நம்பி ஒரு மனிதர் நாய் வாங்கியிருக்கிறார். ஆதிமூலத்துக்கு உட்கார்ந்த நாற்காலி சுட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மாத்தினது யாருன்னும் தெரியும்," என்றார் உலகநாதன். "இவுரு குட்டிய எடுத்துக்கினு போன அதே வாரம், இந்தக் காசம்மா கூடையில ஒரு வெள்ளக் குட்டிய மறைச்சுக்கினு தெக்கால போனத எங்க கரும்புக்குத் தண்ணி பாய்ச்சறவன் பாத்திருக்கான். நல்ல குட்டிய எங்கயோ வித்துட்டு, எதையோ குடுத்தனுப்பிட்டா. எங்க கொண்டு போனன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா."

"நான் மாத்தலைங்க," என்றாள் காசம்மாள்.

"அப்ப கூடையில என்ன?" என்று கேட்டார் ஆதிமூலம்.

ஆதிமூலம் வழக்கம்போலத் தொண்டையைச் செருமிப் பார்த்தார். அவள் உட்காரவும் இல்லை, பேசவும் இல்லை.

"பொழுது சாயறதுக்குள்ள உண்ம வரணும்," என்றார் உலகநாதன். "இல்லன்னா இவள தாணாவுல போலீசுகிட்ட ஒப்படைச்சிட்டு, குடிசையப் பிரிச்சிடுவேன். என் நாயிங்க எப்பிடின்னு நீங்களே பாருங்க. காசம்மா, சோத்துக்கு நேரமாச்சு, போ!"

அவள் கொட்டகைப் பக்கம் போனாள். தரையில் புதைத்திருந்த கல்லுரலில் கருவாட்டைப் போட்டு உலக்கையைத் தூக்கினாள். உலகநாதன் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கடா எஞ் சிங்கங்களா!" என்று ஒரு குரல் கொடுத்தார்; உலக்கையும் விழுந்தது. நிழலில் படுத்துத் தூங்கிய ஐந்து வெள்ளை நாய்களும் துள்ளி எழுந்து ஓடிவந்தன. பார்க்க அத்தனை அழகு. ஆதிமூலத்துக்குப் பொறாமையாக இருந்தது. இந்த மனிதர் குரலில் இருக்கிற எதுவோ தம் குரலில் இல்லை என்று நினைத்தார்.

கடைசியாக, ஆறாவதாக ஒரு பெட்டை வந்தது. மடி தரையைத் தொட்டுவிடும் போலத் தொங்கியது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. மற்ற நாய்கள் இடித்துத் தள்ள, அது ஒதுங்கி நின்றது.

"இது பவளம். எல்லாத்துக்கும் ஆத்தா," என்றார் உலகநாதன். "ஒரு பருவம் தவறாம குட்டி போடுவா. வர்ற வாரம் மறுபடியும் வைரத்தோட சேக்கணும்."

"வைரம் யாரு?"

"அதோ பெருசா நிக்கறானே. இவ போட்ட மொத ஈத்துக் குட்டிதான். வெளி நாயச் சேத்தா கறை வுழுந்துடும். அதுக்கோசரம் உள்ளுக்குள்ளயே சேக்கறது."

உலக்கைச் சத்தம் ஒரு விநாடி நின்று மறுபடி தொடர்ந்தது. காசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆதிமூலத்துக்கும் நெஞ்சில் என்னவோ உறுத்தியது. பெற்ற பிள்ளையோடா என்று கேட்க வாயெடுத்தார். பெரிய மனிதர் வீட்டு விவகாரம், நமக்கெதற்கு என்று மூடிக்கொண்டார்.

*

"தெக்கால போனான்னு மட்டும் சொன்னா எங்க போயித் தேடறது?" வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டான் சமது. "தெக்கால போனா கடலூரு வரைக்கும் கூடை தூக்கின பொம்பளைங்கதான்."

"தேட வேணாம். தெக்கால போனா நடுவுல இங்கிலீஷ்காரன் மண்ணு ஒண்ணு வரும். அங்க சுங்கச் சாவடி இருக்குது. நம்ம பக்கத்துலேருந்து மூடின கூடையோட ஒருத்தி போனா, சாராயம் தேடாம வுடுவானா?"

சாவடிக்காரர் சாமிக்கண்ணு கூடை என்றதுமே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நகத்துக்குக் கீழே தழும்பு.

"மறப்பனா? புட்டி இருக்கும்னு கைய வுட்டேன். கவ்விக்கிச்சு."

"கடிக்கிற புட்டி பிரெஞ்சு மண்ணுலதாங்க கெடைக்கும்," என்றான் சமது. "உள்ள இருந்தது வெள்ளக் குட்டிதானே?"

"வெள்ளதான். ஆனா ஒரு காது மட்டும் பழுப்பு. கூட இன்னொண்ணு, அதுக்கு முதுவுல பழுப்புத் திட்டு. அது சாது. மடுகரைக்குப் போறேன்னா அந்தப் பொம்பள."

வண்டி சாவடியைத் தாண்டியதும் ஆதிமூலம் விரலை மடக்கி எண்ணினார்.

"சமது, ஷரீப் கைகாட்டினது பொட்டில்லாத வெள்ளக் குட்டி. கூடையில போனது ரெண்டுமே கறை குட்டி. உலகநாதன் கிட்ட கறை குட்டிக்கு வெலையே கெடையாது. வெலையில்லாதத யாருடா திருடுவான்?"

"தொழிலு தெரியாத திருடன்," என்றான் சமது. "இல்லன்னா அது திருட்டே இல்ல."

*

மடுகரையில் கூடை போன வீடு பலராமன் வீடு. கரும்பு போடுகிற குடியானவர். காசம்மாளின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, திரும்பப் புடிச்சிக்கினு போவ வந்திருக்கீங்களா?"

"எதுக்குப் புடிக்கணும்?"

"கறை வுழுந்த குட்டின்னா கண்ணு தொறக்கறதுக்குள்ள கொளத்துல அமுக்கச் சொல்லுவாராம் மொதலாளி. அந்த வேலையும் இவ தலையிலதான். கடைசி ஈத்துல இவளால முடியல. வைக்கப்போரு பின்னால ஒளிச்சு வளத்து, ரெண்டையும் இங்க கொண்டாந்து வுட்டா. ஒண்ணு எங்க அக்கா வூட்டுல கீது, ஒண்ணு எங்கிட்ட. வெளிய தெரிஞ்சா திரும்ப வாங்கி அமுக்கிடுவாருன்னு அவளுக்குப் பயம்."

ஆக, அவள் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான். இரண்டு நாய்களுக்காகக் குடிசையையும் போகவிடத் தயாராக நிற்கிறாள்.

"நாயி எங்க?"

பலராமன் வாயில் விரலை வைத்து ஒரு சீழ்க்கை அடித்தார். கண்ணுக்கெட்டிய தூரம் கரும்புதான். "செவல! ஏ செவல!" என்று அவர் கூப்பிட்டு முடிப்பதற்குள் கரும்புச் சோகை சலசலத்தது. ஒரு காது மட்டும் பழுப்பான வெள்ளை நாய் பாய்ந்து வந்து அவர் காலடியில் நின்றது.

"அடி சக்கை!" என்றான் சமது. "கழிச்சுப் போட்டது கூப்புட்டா வருது, பொறுக்கி எடுத்தது தூங்குது. ஒரே வயித்துல பொறந்ததுங்க, இதென்ன கூத்து முசியே?"

ஆதிமூலம் செவலையின் பழுப்புக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

பாகூரில் அவர்களுக்கு முன்பே ஷரீப் மண்டிக்குத் திரும்பியிருந்தார். மூட்டைகளுக்கு நடுவில் சிமிட்டித் தரையில் சுல்தான் தூங்கிக்கொண்டிருந்தது. கறையில்லாத வெள்ளை. ஷரீப் கூப்பிட்டார். சமது அதன் தலைக்குப் பின்னால் குனிந்து நின்று படாரென்று கைதட்டினான். காதுமடல்கூட அசையவில்லை.

"கும்பகர்ணன் பேரு இதுக்கு வச்சிருக்கணும். சுல்தான்னு வச்சு சுல்தானுங்க மானத்த வாங்கிட்டீங்களே பாய்," என்றான் சமது.

அப்போது அடுக்கின் மேலிருந்த ஆள் ஒரு நெல் மூட்டையைக் கீழே தள்ளினான். தொம்மென்று விழுந்தது. தரை அதிர்ந்தது. சுல்தான் விருட்டென்று எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எதையோ தேடி அங்குமிங்கும் ஓடியது. கடைசியில் அந்த மூட்டைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து உதட்டை நக்கிக்கொண்டது.

"நெல்லு தின்ற நாயா?" என்றான் சமது.

மண்டிக்குப் பின்னால்தான் வீடு. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷரீபின் மனைவி ரோஷன் பீவியின் குரல் வந்தது. "அந்தக் கூத்த ஏன் கேக்கறீங்க! நாள் பூரா கூப்புட்டா வராது. நாங்க நெல்லு குத்த ஆரம்பிச்சா மட்டும் கொல்லக் கதவுகிட்ட வந்து நாக்கத் தொங்கப்போட்டுக்கினு நிக்கும். தொரத்தி வுடறதே எனக்கு வேலையாப் போச்சு."

ஆதிமூலத்தின் முகம் மாறிவிட்டது. பக்கத்திலிருந்த மூட்டையில் மெல்ல உட்கார்ந்தார். கேஸ் அவிழ்ந்துவிட்டது என்றால் அவர் மீசையைத் தடவுவார், சமது ஒரு சலாம் வைப்பான். அன்று அவர் கை மீசைக்குப் போகவில்லை. அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது மண்டியும் இல்லை, தோட்டமும் இல்லை. தம் வீட்டு மரப்படி.

"முசியே? ஒடம்பு சரியில்லியா?"

"பாய், நாயோட வண்டியில ஏறுங்க," என்றார். "பொழுது சாயப் போவுது."

*

உலகநாதன் வாசலில் காத்திருந்தார். காசம்மாள் அதே தூணோரம் நின்றாள். காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை போலிருந்தது.

"காசம்மா, நீ உலக்கையத் தொடாத," என்றார் ஆதிமூலம். "நீங்க கூப்புடுங்க."

"சோத்து நேரமில்லியே."

"கூப்புடுங்க."

உலகநாதன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்கடா எஞ் சிங்கங்களா!"

கொட்டகையில் ஐந்து வெள்ளை நாய்களும் முதுகைக் காட்டிப் படுத்திருந்தன. ஒன்றும் அசையவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். குரல் தோட்டத்தைச் சுற்றி வந்தது.

கொட்டகை மூலையில் பவளம் தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றி எழ ஒரு தரம் முயன்றது, முடியவில்லை. மறுபடி முயன்று எழுந்தது. தொங்குகிற மடியோடு தத்தித் தத்தி வந்து உலகநாதன் காலடியில் உட்கார்ந்தது. அது ஒன்றுதான் வந்தது.

"இப்ப நீங்க வாயத் தொறக்காதீங்க. காசம்மா, உரல்ல வெறும் உலக்கையப் போடு."

தொம், தொம் என்று இரண்டு குத்து. ஐந்து நாய்களும் துள்ளி எழுந்து ஓடிவந்தன. வண்டியருகே நின்ற சுல்தானும் ஷரீபின் கையிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. நேராக உரலின் இடப்பக்கம் போய், இரண்டு நாய்களுக்கு நடுவில் தலையை நுழைத்துத் தன் பழைய இடத்தில் நின்றது.

"யாரும் எதையும் மாத்தல," என்றார் ஆதிமூலம். "இது இந்தக் கொட்டகையில வளந்த அதே குட்டிதான். எடம் மறக்கல பாருங்க. ஒங்க குரலுக்கு ஒரு நாளும் ஒரு நாயும் வந்ததில்ல. இந்த உரலு தரையில பொதைச்சது. குத்தினா மண்ணு அதிருது. காலுக்கு அது தெரியுது, ஓடியாருதுங்க. ஷரீபு பாய் வூட்டுலயும் நெல்லு குத்தினா வந்து நிக்குது. இதுங்களுக்குக் காது கேக்காது."

ஷரீப் உரலருகே போய்ச் சுல்தானின் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆத்தாளுக்குக் கேக்குது. நீங்க கழிச்ச கறை குட்டிக்கும் கேக்குது, நானே பாத்துட்டு வரேன். புள்ளையையும் ஆத்தாளையும் சேத்துச் சேத்து, வெள்ளை வேணும் வெள்ளை வேணும்னு வடிகட்டினீங்க. அதுல காதும் போயிடுச்சு. எப்பிடிப் போச்சுன்னு டாக்டருதான் சொல்லணும். போச்சுங்கறது மட்டும் நிச்சயம்."

உலகநாதன் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று அவருக்கு ஒரு பிடி கிடைத்தது.

"அப்ப ஒங்க ஜெனரல்? அதும் இதே பவளத்துக்கும் வைரத்துக்கும் பொறந்ததுதானே? பொட்டுக் கறை இல்லாம நான்தானே பொறுக்கிக் குடுத்தேன்? கண்ணசைச்சா நிக்கும்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, அதுக்கு மட்டும் எப்பிடிக் காது கேக்குது? இவ என்னமோ மருந்து வச்சு என் நாயிங்களக் கெடுத்துட்டா. இத தாணாவுலயே பாத்துக்கலாம்!"

காசம்மாள் ஆதிமூலத்தைப் பார்த்தாள். ஷரீப் பார்த்தார். சமது பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

ஆதிமூலம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது பொய்யி," என்றார். "ஜெனரலு ஒரு நாளும் எங் குரலுக்குத் திரும்பினதில்ல. சிரிப்பாங்களேன்னு மறைச்சேன். அந்தப் பொய்ய நம்பித்தான் பாய் வாங்கினாரு. காலையில இந்த வாசல்லயே நான் உண்மையச் சொல்லியிருந்தா, இந்தம்மா இப்பிடி நாள் பூரா தண்ணி குடிக்காம நின்னிருக்க வேணாம். கேஸே இருந்திருக்காது. திமிருன்னு நெனச்சேன். தெனம் அடிச்சேன்."

அத்தனை பேர் நடுவில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எத்தனையோ கள்ளர்களை இப்படி நடுவாசலில் நிறுத்தி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். அந்த இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சமது திரும்பிக்கொண்டு குதிரையின் கழுத்தைத் தடவினான்.

உலகநாதன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தினி துரைமாருக்கு வித்திருக்கேன்," என்றார் தமக்குத்தாமே. காலடியில் கிடந்த பவளம் அவர் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தது. அவர் அதன் தலையில் கையை வைத்தார். கை எலும்பில் பட்டது. எடுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார்.

"கூடையில என்ன போச்சு?" என்று கேட்டார், நிமிராமல்.

"நீங்க வேணாம்னு சொன்னதுதான் போச்சு. கேக்காதீங்க," என்றார் ஆதிமூலம். "தாணா?"

"வேணாம்."

"பவளம்?"

உலகநாதன் தலையை நிமிர்த்தி, "காசம்மா, வைரத்த வேற கொட்டகையில கட்டு," என்றார். "இனிமே இவளச் சேக்க வேணாம். நீயே வச்சிக்க."

காசம்மாள் பவளத்தின் பக்கத்தில் குந்தினாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று ஆதிமூலம் நினைத்தார். அவள் அழுதாள். "எங்கையாலதான ஐயா இடிச்சேன்," என்றாள். "எங் குரலுக்குத்தான் வருதுன்னு நானும் நெனச்சேனே. பக்கத்துலயே இருந்து எனக்கும் தெரியாமப் போச்சே."

ஷரீப் சுல்தானின் கயிற்றைப் பிடித்தார். "திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். காவலுக்கு ஆவாது இது. கெடக்கட்டும், எங்கூடவே வரட்டும். சோறு வச்சா தரையில ஒரு தட்டுத் தட்டினா போவுது." வண்டியில் ஏறும்போது அவர் ஆதிமூலத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் தேவலை என்றிருந்தது ஆதிமூலத்துக்கு.

*

விளக்கேற்றுகிற நேரத்துக்குச் சமது அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். போகாமல் நின்றான்.

"முசியே, நானும்தான் கேடின்னு சொன்னேன். தெனம் சொன்னேன்."

"போடா. போயி குதிரைக்குத் தண்ணி வையி."

ஜெனரல் மாடிப்படிக்கு அடியில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. ஆதிமூலம் வாசலிலிருந்தே மெதுவாகக் கூப்பிட்டார். பிறகு உரக்கக் கூப்பிட்டார். இப்போது கோபம் வரவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் மீனும் போட்டு எடுத்து வந்தார். தோட்டத்தில் உலக்கை விழுந்ததும் ஐந்து நாய்களும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது அவர் கண்ணிலேயே நின்றது. இதுவும் அங்கே பிறந்ததுதானே, அந்த அதிர்வுக்குச் சோறு வரும் என்று பழகினதுதானே. ஒரு தரம், ஒரே ஒரு தரம் இது தன்னைப் பார்த்து ஓடிவரட்டும் என்று ஆசையாக இருந்தது.

மரப்படியின் முதல் படியில் நின்று சப்பாத்துக் காலால் தொம், தொம் என்று இரண்டு மிதி மிதித்தார்.

ஜெனரல் விழித்துக்கொண்டது. திரும்பி அவரைப் பார்க்கவில்லை. உடம்பைச் சுருட்டிச் சுவரோடு ஒண்டி, முகத்தை மூலையில் புதைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியது. முதுகு நடுங்கியது. அது அடிக்காகக் காத்திருந்தது.

உலக்கையின் அதிர்வை அது மறந்து எத்தனையோ நாளாகியிருந்தது. இந்த வீட்டில் தரை அதிர்ந்தால் என்ன வரும் என்று அதற்குத் தெரியும். அவர்தான் கற்றுக்கொடுத்திருந்தார்.

ஆதிமூலம் அப்படியே படியில் உட்கார்ந்தார். தட்டைக் கீழே வைத்தார். சப்பாத்தின் கயிறுகளை அவிழ்த்தார். இரண்டையும் கழற்றித் தெருப்பக்கம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு சத்தமில்லாமல் போய், நாய் கண்ணைத் திறந்தால் தட்டு தெரிகிற மாதிரி, கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அது கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று.